வாசலோடு முடிந்துவிடும் கணக்கு

கண்டியில் இருந்துகொண்டு துறைமுகத்தைப் பற்றி எழுத உமக்கென்ன அருகதை என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. கடலுக்கும் எங்களுக்கும் இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதியும் கடுகண்ணாவை ஏற்றமும் கிடக்கின்றன என்பது மெய்தான். ஆனால், இம்மலைகளில் பறிக்கப்படும் தேயிலை கொழும்புத் துறைமுகம் வழியாகத்தான் உலகுக்குப் போகிறது. கொழும்பு வீதிக் கடைகளில் விற்கும் பருப்பும் பால்மாவும் அதே வழியாகத்தான் மலையேறி வருகின்றன. துறைமுகத்தில் ஒரு கொள்கலன் பத்து நாள் முடங்கிக் கிடந்தால், அதற்கான தாமதக் கட்டணத்தை முடிவில் செலுத்துபவர் கட்டுகஸ்தோட்டையில் பால்மா வாங்கும் தாய்தான். என் அருகதை அங்கிருந்து வருகிறது.

துறைமுகங்களை விரிவாக்கும் திட்டங்கள் இன்று ‘சிமியூலேஷன்’ மென்பொருள்களின் துணையோடு தீட்டப்படுகின்றன. அரீனா, எனிலொஜிக், ஃபிளெக்ஸ்சிம் என்று அவற்றுக்குப் பல பெயர்கள். கணினிக்குள்ளே ஒரு துறைமுகம் கட்டப்படுகிறது. கப்பல்கள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருகின்றன, பாரந்தூக்கிகள் இறக்குகின்றன, முற்றத்தில் கொள்கலன்கள் அடுக்கப்படுகின்றன, லொறிகள் வரிசையில் நிற்கின்றன. ஓராண்டுக் காலம் சில நிமிடங்களில் ஓடி முடிந்துவிடும். கல்லும் சீமெந்தும் கொட்டுவதற்கு முன்பே எங்கே நெரிசல் பிடிக்கும் என்று கண்டுகொள்ளலாம். நல்ல கருவி. அதில் எனக்குப் பிணக்கில்லை.

இதன் வேர் பழையது. தொலைபேசி இணைப்பகங்களின் நெரிசலைக் கணக்கிட்டு 1909இல் டென்மார்க்கின் ஏர்லாங் எழுதிய கட்டுரையே வரிசைக் கோட்பாட்டின் தொடக்கம். அக்கோட்பாட்டின் மிக எளிய மாதிரி ஒன்று சொல்வதைக் கேளுங்கள். ஒரே ஒரு வாசல். வருகையும் சேவை நேரமும் ஒழுங்கற்றவை. அவ்வாசல் 80 வீத நேரம் வேலையாக இருந்தால், சராசரிக் காத்திருப்பு ஒருவருக்கான சேவை நேரத்தைப் போல 4 மடங்கு. 90 வீதமானால் 9 மடங்கு. 95 வீதமானால் 19 மடங்கு. மாலை நேரத்தில் கண்டி குட்ஷெட் பேருந்து நிலையத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் பிணக்கு, இந்தக் கணக்கு எங்கே நிறுத்தப்படுகிறது என்பதில்தான். கொழும்பு கையாளும் கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு, ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிச் செல்பவை. அவை வாசலைக் கடப்பதே இல்லை. வாசலைக் கடக்கும் ஐந்தில் ஒன்றுதான் எங்கள் தேயிலை, எங்கள் மருந்து, எங்கள் மா. முனையங்களுக்காகச் செய்யப்படும் மாதிரிகளோ பெரும்பாலும் முனையத்தின் எல்லையோடு முடிபவை. சுங்கச் சோதனை முற்றமும் அதற்கு அப்பாலுள்ள வீதியும் வேறொருவர் கவலை. கணக்கு முடிகிற இடத்தில்தான் எங்கள் வரிசை தொடங்குகிறது.

விளைவை நாம் கண்டோம். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோது, கொழும்புக்கு வந்த சரக்கு திடீரெனப் பெருகியது. நெரிசல் எத்தனை பெரிய சங்கடத்தில் கொண்டுபோய் விடும் என்பது 2025 ஜனவரியில் தெரிந்தது. நேரடிச் சோதனைக்கெனக் குறிக்கப்பட்டிருந்த 323 கொள்கலன்கள் அச்சோதனையின்றி விடுவிக்கப்பட்டன. நெரிசலைக் குறைக்கவே அப்படிச் செய்யப்பட்டது என்று விளக்கம் தரப்பட்டது. அவற்றுக்குள் என்ன இருந்தது என்று நாடு மாதக்கணக்கில் சண்டையிட்டது. அந்த வரிசை ஏன் அத்தனை நீண்டது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

இன்னொன்று. மென்பொருள் தீர்க்கதரிசி அன்று. ‘ஆண்டுக்கு இத்தனை கப்பல் வரும்’ என்று நாம் ஊட்டுவதையே அது அரைத்துத் தரும். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010இல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. 2017இல் அது 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. கப்பல் வரும் என்ற ஊகத்தைக் கணினி செய்யவில்லை, மனிதர்கள் செய்தார்கள். சுபநேரம் பார்த்து அடிக்கல் நாட்டும் நாட்டில் கணினியும் இன்னொரு சோதிடராகிவிடக் கூடாது. சோதிடரிடமாவது பிறந்த நேரம் என்ன கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இரண்டே. துறைமுகத் திட்டம் ஒவ்வொன்றிலும் மாதிரிக்கு ஊட்டப்பட்ட ஊகங்கள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். சுங்க முற்றமும் வெளிவீதியும் அதே மாதிரிக்குள் கொண்டுவரப்பட வேண்டும். வணிக இரகசியம் என்பார்கள். கப்பல் நிறுவனத்தின் கட்டணப் பேரம் இரகசியமாக இருக்கட்டும். நாட்டின் கரையில், நாட்டின் பெயரில் எழும் துறைமுகத்தின் கொள்ளளவு எப்படி இரகசியமாகும்? 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றியது எதற்காக? ஊகங்களை வெளியிட்டால், பேராதனைப் பொறியியல் பீடத்து மாணவர்களே அவற்றை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார்கள்.

2025 ஏப்ரலில் கொழும்பு மேற்கு முனையம் இயங்கத் தொடங்கியது. மகிழ்ச்சி. கப்பல்களுக்கு இடம் கூடியிருக்கிறது. கட்டுகஸ்தோட்டைத் தாய்க்குக் கூடியிருக்கிறதா என்பதை எந்தக் கணினியிடமாவது கேட்டார்களா?