கம்பி மேலேயா, கீழேயா?

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் என்னிடம் வேலை பழக வருவார்கள். திண்டுக்கல்லை ஒட்டிய அகரம், தாடிக்கொம்பு பக்கம் வீடு கட்டிக்கொடுக்கிற சிவில் இன்ஜினியர் நான். அவர்கள் லேப்டாப்பில் வரைந்து வைத்திருப்பதைப் பார்த்தால் அசந்துபோவேன். எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு வெயில் விழும் என்பதுவரை காட்டுவார்கள். பார்த்து முடித்ததும் ஒன்று கேட்பேன்: சுவரிலிருந்து இரண்டடி வெளியே நீளும் சன்ஷேடில் கம்பி மேலே வர வேண்டுமா, கீழே வர வேண்டுமா? கீழே என்று சொல்பவர்கள் உண்டு. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம். மூன்று வருஷம் படித்தவர்கள்.

பக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார்: "மேலதான் தம்பி. கீழ போட்டா சென்டிரிங் பிரிச்ச அன்னைக்கே தொங்கிரும்ல." ஏன் தொங்கும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்த 'ஏன்' பிள்ளைகளின் நோட்டில் சூத்திரமாக இருக்கிறது, ஆனால் அது சன்ஷேடைப் பற்றியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நோட்டும் கம்பியும் முதலாம் ஆண்டிலேயே சந்தித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பி.ஆர்க். ஐந்து ஆண்டுப் படிப்பு. செய்முறைப் பயிற்சிக்கென்று ஒரு பருவத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அது வருவது படிப்பின் பின்பாதியில். அதிலும் பெரும்பகுதி ஏதாவது ஒரு நகரத்து ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் கழிகிறது. கட்டுமானப் பொருள் பாடமோ ஆரம்பத்திலேயே வந்து, செங்கல் வகை, சுண்ணாம்பு வகை என்று மனப்பாடமாகி, தேர்வோடு போய்விடுகிறது. தொட்டுப் பார்க்க வேண்டிய காலத்தில் படிக்கிறார்கள், வரைய வேண்டிய காலத்தில் தொடப் போகிறார்கள்.

வருகிற பிள்ளைகளை நான் முதலில் கூட்டிப்போவது தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு. விஜயநகர, நாயக்கர் காலத்து வேலைப்பாடு. மண்டபத்துத் தூண் சிற்பங்களுக்காகவே வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், வர வேண்டியதுதான். நான் பிள்ளைகளைச் சிற்பத்தை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். தூணின் தலையில் இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் போதிகை, அதன்மேல் உத்திரம், அதன்மேல் பாவுகல். தூணுக்குத் தூண் ஏன் இத்தனை நெருக்கம்? நடுவில் தாராளமாக இடம்விட ஸ்தபதிக்கு மட்டும் ஆசை இருந்திருக்காதா?

கருங்கல்லை எவ்வளவு அமுக்கினாலும் அது அசைந்து கொடுக்காது. இழுத்தால் கதை வேறு. அமுக்கத்துக்குத் தாங்குவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இழுப்புக்குத் தாங்கும். இரண்டு தூண்மேல் கிடக்கிற உத்திரம் சுமை ஏறியதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் விரியும். விரிகிற பக்கம்தான் முதலில் வெடிக்கும். தூண்களை நெருக்கி நிறுத்தியது அதனால்தான். போதிகை வந்ததும் அதனால்தான். இரண்டு பக்கத்துப் போதிகையும் எவ்வளவு நீட்டுகின்றனவோ, உத்திரம் தாண்ட வேண்டிய வெளி அவ்வளவு குறைகிறது. வெளியைப் பாதியாக்கினால் உத்திரத்தின் சொந்த எடையால் வரும் வளைவுத் திருப்புத்திறன் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிவிடும். இதுவும் பிள்ளைகள் எழுதித் தேறிய சூத்திரம்தான். அதைக் கல்லில் பார்ப்பது அப்போதுதான்.

கான்கிரீட்டுக்கும் இதே குறை. அமுக்கத்துக்கு வீரன், இழுப்புக்கு நோஞ்சான். ஸ்தபதி கையில் இல்லாத கம்பி நம் கையில் இருக்கிறது, அதனால் எந்தப் பக்கம் விரியுமோ அந்தப் பக்கம் கம்பி போடுகிறோம். இருபுறமும் சுவரில் உட்கார்ந்த தளத்துக்கு அடிப்பக்கம் போடுகிறோம். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள சன்ஷேடு நுனியில் தாழப் பார்க்கும், அங்கே விரிவது மேல்பக்கம். ஆகவே மேலே.

இதோடு பாடம் முடியவில்லை. ஒழுங்காக மேலே கட்டிய கம்பியும், கான்கிரீட் போடும்போது ஆட்கள் சட்டியோடு மிதித்து நடக்க நடக்க அமுங்கிக் கீழே போய்விடும். வரைபடம் சரியாக இருக்கும், கட்டடம் தப்பாக இருக்கும். அதைத் தடுக்கத்தான் கம்பியை வளைத்துச் செய்த முட்டுகளை அடியில் கொடுக்கிறோம். 'சேர்' என்பார்கள் எங்கள் ஆட்கள். நடப்பதற்குத் தனியாகப் பலகையும் போடுகிறோம். இதை ஸ்லைடு போட்டுக் காட்டி யாருக்கும் மனதில் பதிய வைக்க முடியாது.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் (1917–2007), கான்கிரீட் இழுப்புக்கு ஆகாது என்பதை வைத்தே எத்தனையோ வீடுகளில் செலவை மிச்சம் பிடித்தார். தளத்தின் அடிப்பாதியில் இருக்கிற கான்கிரீட், கம்பியைப் பிடித்து வைத்திருப்பதைத் தவிரப் பெரிதாக எதையும் தாங்குவதில்லை. அப்படியென்றால் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்து நிரப்பினால் என்ன? வைத்தார். கான்கிரீட் குறைந்தது, எடையும் குறைந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் தலைக்கு மேலே சுமார் மூன்றரை டன் நிற்கிறது. கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்கு 2,500 கிலோ, நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். பிள்ளைகளும் இதை ஒரு நிமிஷத்தில் பெருக்கிவிடுவார்கள். ஒரு சட்டி கான்கிரீட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய பிறகு அதே எண்ணை அவர்கள் சொல்கிற தொனி வேறு மாதிரி இருக்கும்.

கொத்தனாருக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் விஷயத்தில் நான் புத்தகத்தின் பக்கம்தான். திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற தொழில் பழசு. உப்பில் ஊறிய தோலைக் கழுவிய கழிவு பல இடங்களில் நிலத்தடிக்கு இறங்கி, கிணற்றையும் போர்வெல்லையும் கெடுத்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் பால் காய்ச்சிக் குடிபோய்விடுவார். வருஷங்கள் கழித்து உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பருமனானது. உள்ளிருந்து நெட்டித் தள்ளும். தளத்தின் அடியில் பொருக்குப் பொருக்காக விழ ஆரம்பிக்கும்போது, சிமென்ட்தான் மட்டம் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்வார்கள். கலக்கிற தண்ணீரில் குளோரைடு எவ்வளவு இருக்கலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 சொல்கிறது: கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம், கம்பி போட்டதற்கு 500. மேஸ்திரி ஒரு வாய் ஊற்றிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானண்ணே இருக்கு" என்பார். நான் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பிவிடுவேன். எந்த நாக்குக்கும் அந்த 500 தெரியாது.

க்யூரிங்கும் அப்படித்தான். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட். அதற்கு, எங்கள் ஊர் மாதிரி வெயில் காய்கிற இடத்தில், 14 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது அதே விதிநூல். வழக்கம் என்னவோ மூன்று நாள், நாலு நாள்தான். முதலாண்டு மாணவன் ஒரே கலவையில் இரண்டு கட்டி வார்க்கட்டும். ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதை வெயிலிலும் போட்டுவிட்டு, 28-ம் நாள் இரண்டையும் உடைத்துப் பார்க்கட்டும். செங்கல்லுக்கு இவ்வளவுகூட வேண்டாம், தராசும் வாளியும் போதும். 24 மணி நேரம் ஊறிய சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால் அந்தச் சூளையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆர்க்கிடெக்ட் வடிவமைப்பவர், கம்பியை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் வாதாடினார். சென்னையில் பத்து மாடி எழுப்புகிறவர்களுக்கு அது சரி. எங்கள் பக்கம் வீடு என்றால் அப்ரூவலுக்கு ஒரு பிளான், அதற்கப்புறம் மேஸ்திரியின் கண்ணளவு. சிறு வீட்டுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைத் தேடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வானம் தோண்டும் இடத்தில் வந்து நிற்கிற இளம் ஆர்க்கிடெக்ட்டுக்கும் தெரியாது என்றால், அந்த மனையில் தெரிந்தவர் என்று யாருமே இல்லை. தவிர, இழுப்பு எங்கே, அமுக்கம் எங்கே என்று தெரியாமல் ஐந்தடி சன்ஷேடு வரைந்துவிட்டால், அதைத் தூக்கி நிறுத்த ஆகிற கம்பிச் செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

"லட்சக்கணக்கில் கட்டிப் படிக்க வைக்கிறது சட்டி தூக்கவா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கோபம். காலம் முழுக்கத் தூக்கச் சொல்லவில்லை. முதலாண்டு முடிந்ததும் ஆறு வாரம், அஸ்திவாரத்தில் ஒன்று, தளம் போடுகிற இடத்தில் ஒன்று என்று இரண்டு வேலைகளில் நிற்கட்டும். ஹெல்மெட், பூட்ஸ், இன்ஷூரன்ஸ் மூன்றும் கல்லூரியின் பொறுப்பு. முடிவில் வரைபடம் எதுவும் கேட்க வேண்டாம். தான் வார்த்த ஒரு சன்ஷேடின் அளவு, கம்பி, எடை, எத்தனை நாள் தண்ணீர் விட்டோம் என்று ஒரு பக்கம் எழுதித் தரட்டும்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற கல்லூரிகள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: கட்டட வேலை நடக்கிற இடத்தில் கழிப்பறை கிடையாது. உண்மைதான். அதே இடத்தில் சித்தாள் வேலை பார்க்கிற பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மாணவிகளை அனுப்பக் கழிப்பறையையே கல்லூரிகள் நிபந்தனையாக வைக்கட்டும். அடுத்த வேலைக்கு வானம் தோண்டும் முன்பே தகரம் அடைத்து ஒன்று போட்டுவிட வேண்டும் என்று எங்கள் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.