பாடசாலை இணையத்தளம் யாருக்கு?



நமது பாடசாலைக்குப் புதிய இணையத்தளம் செய்யப் பழைய மாணவர்கள் பணம் சேர்க்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் வட்ஸ்அப் குழுமத்தில் இதுவரை நடந்த பேச்செல்லாம் என்ன நிறம், முகப்பில் யாருடைய படம், திறந்து வைக்கப் பிரதம அதிதியாக யாரைக் கூப்பிடுவது என்பதுதான். அந்தத் தளத்துக்கு யார், எதற்காக வருவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்கிறோம்.

வருபவர்களை எங்களுக்குத் தெரியும். தரம் 1 விண்ணப்பத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று தேடும் உம்மா. கணவர் கட்டாரில், கையில் திரை கீறிய ஒரு போன். விடுகைப் பத்திரம் எடுக்கக் கொழும்பிலிருந்து வர வேண்டியவர். அலுவலகம் எத்தனை மணி வரை என்பதுதான் அவருக்குத் தேவை. தவணைப் பரீட்சை நேரசூசி தேடும் பிள்ளை. இப்போதுள்ள தளத்தில் அதிபரின் வாழ்த்துச் செய்தி இருக்கிறது, இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள் இருக்கின்றன. அலுவலகத் தொலைபேசி இலக்கம் இல்லை. ஆகவே எல்லோரும் கேற்றடிக்கே வருகிறார்கள். சிலருக்கு அதில் ஒரு நாள் கூலி போகிறது.

விண்ணப்ப விபரம் போடாமலும் இல்லை. சுற்றறிக்கையைப் போனால் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தளத்தின் தேடல் பெட்டி கண்டுபிடிக்காது. கண் பார்வையற்ற ஒரு வாப்பாவின் போனும் அதை ஒழுங்காக வாசித்துச் சொல்லாது. இன்னும் சில பக்கங்கள் பாமினி எழுத்துருவில் தட்டி அப்படியே ஒட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை தாறுமாறான ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யுனிகோட்டில் தட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

படங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 4 எம்பி படம் 20 ஐ முகப்பில் ஓடவிட்டால் 80 எம்பி. அந்த உம்மாவின் டேட்டா, விண்ணப்பம் வரைக்கும் போய்ச் சேருமா? சிறிதாக்கிப் போடுங்கள், அல்லது வேறு பக்கத்தில் போடுங்கள்.

மெல்லிய பச்சையில் தங்க எழுத்து என்று ஒரு யோசனையும் வந்தது. கல்யாண அட்டைக்கு அழகு. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டியே சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு கேட்கிறது.

சேர்ந்த பணத்தை முழுதாக வடிவமைப்புக்கே கொடுத்துவிடவும் வேண்டாம். தளத்தின் பெயருக்கும் அது இருக்கும் இடத்துக்கும் வருடாவருடம் கட்ட வேண்டும். பரீட்சைத் திகதி மாறினால் அன்றே மாற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். பழைய திகதியைக் காட்டும் தளத்தை நம்பி ஒரு பிள்ளை பரீட்சையைத் தவறவிடுவதை விட, தளமே இல்லாமல் இருப்பது மேல்.

இணையத்தளப் பாவனை பற்றி ஆய்வு செய்யும் ஜேக்கப் நீல்சன், 5 பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று 2000 ஆம் ஆண்டிலேயே எழுதினார். அதற்குச் செலவும் இல்லை. மாதிரி தயாரானதும், திறப்பு விழாவுக்கு முன்பே, ஊரில் 5 பேரிடம் கொடுப்போம். "தரம் 1 படிவத்தை எடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல் பார்ப்போம்.

பழைய, சிறிய போன் வைத்திருப்பவர்கள் அன்றைக்குத் தயவுசெய்து வாருங்கள். நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும்.