கேட்கானைக் கழற்றப் போறீங்களா? ஒரு டாக்டரின் நீளமான த்ரெட்

கார் பிரியர்கள் கோபப்படாம கடைசி வரை படிங்க. நானும் கார் பிடிச்சவன்தான். ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு வீட்டில் திட்டு வாங்குகிற ஆள்தான்.

மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது இன்பாக்ஸில் இதைக் கேட்கிறார்கள். "டாக்டர், டர்போ பெட்ரோல் கார் வச்சிருக்கேன். ஸ்டேஜ் 2 ரீமேப் பண்ணப் போறேன். கேட்கானை எடுத்துட்டு நேரா டவுன்பைப் போட்டா பவர் ஏறும்னு சொல்றாங்க. பண்ணலாமா?"

ரோட்டில் ஓட்டும் வண்டி என்றால் என் பதில்: வேண்டாம்.

காரணத்தைச் சொல்றேன். அது வெறும் சட்டம் சம்பந்தப்பட்டது இல்லை.

கேட்கான் என்று பட்டறையில் சொல்வது கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை. சைலன்சருக்கு முன்னாடி, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. எஞ்சினிலிருந்து வரும் மூன்று விஷயங்களை அது மாற்றுகிறது. கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக. எரியாத பெட்ரோல் ஆவியை தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும். நைட்ரஜன் ஆக்சைடுகளை, நாம் சும்மா சுவாசிக்கும் நைட்ரஜனாக.

சூடானால்தான் வேலை செய்யும். ஏறத்தாழ 250, 300 டிகிரி தொட்ட பிறகு. சூடாகிவிட்டால் 90 சதவீதத்துக்கும் மேல் மாற்றிவிடும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்க. 90 சதவீதத்தைப் பிடிக்கும் ஒன்றைக் கழற்றினால், உங்கள் ஒரு கார் கேட்கான் உள்ள பத்து காருக்குச் சமம். 95 சதவீதம் பிடிப்பது என்றால் இருபது காருக்குச் சமம். "என் ஒரு வண்டியால என்ன சார் ஆகப்போகுது" என்பவர்களுக்கு இதுதான் பதில். அது ஒரு வண்டி இல்லை.

இது எப்படி வந்தது என்பதும் சுவாரசியம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1940, 50களில் கண்ணெரிச்சல் தரும் பழுப்புப் புகைமூட்டம். ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர்தான், கார் புகையில் இருக்கும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகிறது என்று காட்டினார். வெயில் என்றால் நமக்குச் சொல்லித் தர வேண்டுமா?

1975 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் கேட்கான் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டால் கேட்கான் செத்துப்போகும். அதனால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வர வேண்டியதாயிற்று. நம் ஊரில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இது வந்தது. 2000-ல் நாடு முழுக்க ஈய பெட்ரோல் நின்றது. குழந்தைகளின் மூளைக்கு அந்த ஒரு மாற்றம் செய்த நன்மை பெரிது. அதைத் தனியா இன்னொரு நாள் எழுதுறேன்.

இப்போ மருத்துவத்துக்கு வரேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சீட்டில் துண்டு போட்ட ஆள் எழுந்திருக்கவே மாட்டார், நின்றுகொண்டிருக்கிற ஆக்சிஜனுக்கு இடமே கிடைக்காது.

2002-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் வாகனப் புகையின் கார்பன் மோனாக்சைடால் எதிர்பாராமல் இறப்பவர்கள் 1975-ல் பத்து லட்சம் பேருக்கு 4 பேர். 1996-ல் அது 0.9. கேட்கான் உள்ளிட்ட புகை விதிகள்தான் முக்கிய காரணம் என்றார்கள். யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. காருக்கு அடியில் ஒரு டப்பா மாட்டினார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் 24 வயசுத் தம்பி ஒருத்தர் வந்தார். கார் டியூனிங் பட்டறையில் வேலை. தினமும் சாயங்காலம் தலைவலி, குமட்டல். கண்ணாடி மாற்றியாச்சு, மைக்ரேன் மாத்திரை சாப்பிட்டாச்சு.

"தம்பி, ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்?"

"ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கும் சார். அன்னைக்கு லீவு."

அந்த ஒரு பதில் போதும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 99 காட்டியது. அதை நம்பக்கூடாது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினுக்கும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் கார்பாக்சி ஹீமோகுளோபின் 17 சதவீதம். புகைபிடிக்காத ஆளுக்கு அது 3 சதவீதத்துக்குள் இருக்கணும்.

மழை என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேட்கான் கழற்றிய கார்களை டைனோவில் ஏற்றி மணிக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். ஆக்சிஜன் மாஸ்க் போட்டோம். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். பிழைத்துக்கொண்டார். சம்பளம் போயிடும் என்று மறுநாளே வேலைக்குக் கிளம்பினார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பவர் கார் ஓனருக்கு, புகை அந்தத் தம்பிக்கு.

ஒன்றை நேர்மையா சொல்லணும். ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கும்போது பெட்ரோல் அதிகமாகப் பாயும், எரிக்க ஆக்சிஜன் மிச்சம் இருக்காது. அந்த நேரத்தில் கேட்கான் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வெளியே வரத்தான் செய்யும். ஆனால் நம் வண்டிகள் பெரும்பாலான நேரம் முழு மிதியிலா போகின்றன? கத்திப்பாராவில், அவினாசி ரோட்டில் ஊர்ந்துகொண்டுதானே இருக்கின்றன. அந்த நேரம் முழுக்க கேட்கான் நமக்காக வேலை செய்கிறது.

அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது கவனிங்க. உங்கள் காரின் எக்ஸாஸ்ட் பைப்புக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் நிற்கும். அதன் முன்பக்கம் ஒரு குழந்தை நிற்கும். கார்பன் மோனாக்சைடை விடுங்க, அது திறந்த வெளியில் கலைந்துவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை வீங்க வைக்கும், ஆஸ்துமாவைத் தூண்டும். எரியாத பெட்ரோலில் இருக்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று நிரூபணமானது. ரோட்டோரம் குடியிருக்கும் வீசிங் குழந்தைக்கு நான் இன்ஹேலர் எழுதித் தரலாம். ரோட்டை மாற்ற முடியாது.

சரி, பவர்? பழைய காலத்துக் கார்களில் கேட்கான் அடைப்பு மாதிரி இருந்தது உண்மை. இன்றைய சின்ன டர்போ கார்களில் ரீமேப் தரும் பவரில் பெரும்பகுதி பூஸ்ட்டைக் கூட்டுவதால் வருகிறது. ஸ்டேஜ் 1 என்பது கேட்கானைத் தொடாமலே செய்வதுதான். அதற்கு மேல் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கேட்கான் இருக்கிறது. கம்பெனி கேட்கானில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400, 600 துளைகள் என்றால் இதில் 200 இருக்கும். சுத்தம் செய்வது குறையும், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். பலர் கழற்றுவது பவருக்காகவே இல்லை. பட்பட்டென்று வெடிக்கும் சத்தத்துக்காக. அந்த வெடி, எக்ஸாஸ்டில் பெட்ரோல் எரியும் சத்தம். அதை ரீமேப்பில் போட்டால் கேட்கான் உருகிவிடும் என்பதால் முன்கூட்டியே கழற்றிவிடுகிறார்கள். சத்தத்துக்காக நுரையீரல்!

"எமிஷன் டெஸ்ட் பாஸ் ஆகுதே டாக்டர்?"

இந்தக் கேள்விதான் எனக்கு ரத்தக் கொதிப்பு. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிப்படி ஒரு பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 0.06 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுக்கு மேல் விடக்கூடாது. அது கம்பெனி வண்டியை விற்கும் முன் லேபில் பார்க்கும் சோதனை. நாம் பெட்ரோல் பங்க் ஓரத்தில் எடுக்கும் பொல்யூஷன் சர்டிபிகேட்டில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கவே மாட்டார்கள். வண்டியை நிறுத்தி வைத்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான். அதிலும் கார்பன் மோனாக்சைடு அளவு 0.3 சதவீதம். குழாயை ஒழுங்கா உள்ளே விட்டு அளந்தாலே கேட்கான் இல்லாத வண்டிகள் பல மாட்டும். எப்படி அளக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நம்பர் பிளேட் போட்டோவோடு சர்டிபிகேட் கைக்கு வந்துவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ. புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை. ஆனால் போலீஸ் பிடிப்பது சத்தத்தை. சைலன்சரை ரோடு ரோலர் விட்டு நசுக்கும் போட்டோ பேப்பரில் வரும். வாயுவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதீங்க. பத்து ஆண்டுகளில் அஞ்சரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கருவிகளைக் கழற்றியிருக்கிறார்கள் என்று 2020-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனமே கணக்கிட்டது. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது ஊரறிந்த கதை. அங்கே டெஸ்ட்டை ஏமாற்றியது கம்பெனியே.

ஆனால் கலிஃபோர்னியாவிடம் ஒன்றைக் கற்கலாம். மாற்று பாகம் விற்பவர் அதைச் சோதனைக்குக் கொடுத்து அனுமதி எண் வாங்கலாம். எண் இருந்தால் மாட்டலாம், இல்லாவிட்டால் புகைச் சோதனையில் ஃபெயில். சோதனையில் ஆள் கண்ணால் பார்த்து கேட்கான் இருக்கிறதா என்றும் சரிபார்ப்பார். நம் சட்டம் எதற்கும் வழி விடுவதில்லை. ஸ்போர்ட்ஸ் கேட்கானும் தப்பு, கேட்கானே இல்லாததும் தப்பு என்றால் பையன் எதற்குச் செலவு செய்து ஸ்போர்ட்ஸ் கேட்கான் வாங்குவான்? நல்லதற்கு ஒரு வழி திறந்துவிட்டு, மற்றதை டெஸ்ட்டில் பிடிக்கணும். அபராதமும் ஓனரோடு நிற்காமல் கழற்றிக் கொடுத்த கடைக்கும் போகணும். இது என் கருத்து. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடி, டிரெய்லரில் வந்து போகும் கார் பற்றி எனக்குப் புகார் இல்லை.

பழைய கார் வாங்குறவங்க கவனிங்க. முந்தைய ஓனர் கழற்றியிருக்கலாம், சர்வீஸுக்கு விட்ட இடத்தில் அவருக்கே தெரியாமல் போயிருக்கலாம். உள்ளே இருக்கும் ரோடியத்துக்குக் காயலான் கடையில் அவ்வளவு கிராக்கி. சில சமயம் வெளி டப்பா இருக்கும், உள்ளே தேன்கூட்டைத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் வைத்திருப்பார்கள். லிஃப்டில் ஏற்றி, புது வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்க. சாவியைத் திருப்பும்போது செக் எஞ்சின் விளக்கு எரிந்து அணையணும். எரியவே இல்லை என்றால் எதையோ மறைத்திருக்கிறார்கள்.

பட்டறைத் தம்பிகளுக்கு: மழை பெய்தாலும் ஷட்டரை முழுசா ஏத்துங்க. எக்ஸாஸ்டில் ஹோஸ் மாட்டி புகையை வெளியே விடுங்க. சுவரில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டச் சொல்லி முதலாளியிடம் கேளுங்க, ஒரு ரீமேப் காசில் சின்னப் பங்குதான் ஆகும். வேலை நாளில் தலைவலி வந்து லீவு நாளில் சரியாகிறது என்றால், டாக்டரிடம் போய் முதல் வார்த்தையாக "நான் வண்டிப் புகையில் வேலை பார்க்கிறேன்" என்று சொல்லுங்க. விரலில் மாட்டும் மிஷினோடு விட்டுவிடாமல் ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்க.