கைக்கு வந்த பணம் கடனானது ஏன்?
அமெரிக்க இன்சூரன்சு ஏஜெண்டுகளின் கமிஷன் தகராறு

அமெரிக்காவில் வைத்தியச் செலவு மிக அதிகம். ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்து எழுந்தால், பல ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். ஆகவே, வைத்திய இன்சூரன்சு இல்லாத குடும்பம் அங்கே பயந்துகொண்டே வாழ வேண்டும்.

இந்த இன்சூரன்சை விற்பவர்கள் ஏஜெண்டுகள். இவர்களில் ஏராளமானோர் எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் அல்ல. பல கம்பெனிகளின் பாலிசிகளை வாங்கித் தரும் சுதந்திர ஏஜெண்டுகள். பெட்ரோல், டெலிபோன், வரி எல்லாம் அவர்கள் சொந்தச் செலவு. விற்றால் கமிஷன் உண்டு. விற்காவிட்டால் ஒன்றும் இல்லை.

அந்தக் கமிஷனில் இரண்டு பெரிய தகராறுகள் உள்ளன. ஒன்று, முன்பணம். மற்றொன்று, ஆண்டுதோறும் வரவேண்டிய புதுப்பிப்புக் கமிஷன்.

முன்பணம் என்பது என்ன?

தனியார் பாலிசிக்குக் குடும்பத்தார் மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் வர வர, ஏஜெண்டுக்குக் கமிஷன் சேரும். ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் மாதாமாதம் வரும் சிறு தொகையை வைத்து எப்படிக் குடும்பம் நடத்துவார்?

இதற்காகப் பல கம்பெனிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. வரப்போகும் பல மாதக் கமிஷனை முதலிலேயே மொத்தமாகக் கொடுத்துவிடுகின்றன. இதுதான் முன்பணம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாதப் பிரீமியம் 400 டாலர். கமிஷன் 100-க்கு 20. அப்படியானால் மாதம் 80 டாலர். கம்பெனி 9 மாதக் கமிஷனை முன்பணமாகத் தருகிறது. ஏஜெண்டு கையில் 720 டாலர் விழுகிறது.

மூன்று மாதம் கட்டிய பிறகு, அந்தக் குடும்பம் பிரீமியம் கட்டாமல் நிறுத்திவிடுகிறது. ஏஜெண்டுக்கு உண்மையில் சேர்ந்தது 240 டாலர்தான். மீதி 480 டாலரைக் கம்பெனி திருப்பிக் கேட்கும்!

இப்படி 10 பேர் நிறுத்தினால் 4,800 டாலர் கடன். அந்தப் பணமோ எப்போதோ வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவாகி இருக்கும்.

கம்பெனி அடுத்து வரும் கமிஷனில் அதைப் பிடித்துக்கொள்ளும். சில ஒப்பந்தங்களில் வட்டியும் உண்டு. கடனை அடைக்க ஏஜெண்டு இன்னும் அதிகம் விற்க வேண்டும். அவசரத்தில் விற்ற பாலிசி நிலைப்பது இல்லை. அதனால் மீண்டும் கடன் ஏறுகிறது.

முன்பணம் சம்பளம் அல்ல. கணக்கு முடியும் வரை அது கடன். இது தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

ஆண்டுதோறும் வரும் பணம்

அமெரிக்காவில் 65 வயது ஆனவர்களுக்கு ‘மெடிகேர்’ என்ற அரசாங்க இன்சூரன்சு உண்டு. 1965-ல் இதற்குச் சட்டம் வந்தது. இப்போது தனியார் கம்பெனிகளும் அரசாங்கத்திடம் பணம் பெற்று, ‘மெடிகேர் அட்வான்டேஜ்’ என்ற பெயரில் இதை நடத்துகின்றன.

இதில் ஏஜெண்டுக்கு அதிக அளவு எவ்வளவு தரலாம் என்று அரசாங்கமே வரம்பு கட்டுகிறது. 2025-ல் பெரும்பாலான மாநிலங்களில் புதிதாகச் சேர்ப்பவருக்கு 626 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் புதுப்பிப்புக்கு 313 டாலர், அதாவது பாதி. சேர்ந்தவர் முதல் மூன்று மாதத்துக்குள் விலகிவிட்டால், பொதுவாக முழுக் கமிஷனும் திரும்பப் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 முதியவர்கள் ஒரே ஏஜெண்டிடம் நிலைத்திருந்தால், புதுப்பிப்பு மட்டும் ஆண்டுக்கு 62,600 டாலர் வரை வரும். பென்ஷன் இல்லாத ஏஜெண்டுக்கு இதுதான் பென்ஷன்.

ஏஜெண்டு அந்தக் கம்பெனியை விட்டு விலகினால்? நோயில் படுத்தால்? இறந்துபோனால்? பணம் தொடர்ந்து வருமா?

எல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சில ஒப்பந்தங்களில் பாலிசி உள்ள வரை பணம் வரும். மனைவி மக்களுக்கும் வரும். சிலவற்றில் விலகிய அன்றே நின்றுவிடும். குற்றம் செய்ததாகக் கூறி விலக்கினால், பெரும்பாலும் எல்லாம் போய்விடும். எது குற்றம் என்பதில்தான் வழக்கு வருகிறது!

2024, 2025 ஆண்டுகளில் சில கம்பெனிகள் சில மெடிகேர் திட்டங்களுக்கு இனிக் கமிஷனே கிடையாது என்று அறிவித்தன. கமிஷன் இல்லாத திட்டத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல யார் முன்வருவார்? கஷ்டம் ஏஜெண்டோடு நிற்கவில்லை; வழி கேட்க ஆள் இல்லாத முதியவருக்கும் வந்தது.

பெயர் மாறினால் பணம் மாறும்

65 வயது ஆகாதவர்களுக்கு, 2010-ல் வந்த சட்டப்படி அரசாங்கம் ஓர் இன்சூரன்சுச் சந்தை நடத்துகிறது. அங்கே பாலிசியில் எந்த ஏஜெண்டின் பெயர் இருக்கிறதோ, அவருக்கே கமிஷன் போகும்.

இதில் ஒரு மோசடி புகுந்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே சிலர் பாலிசியில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். சிலர் திட்டத்தையே மாற்றினார்கள். உழைத்த பழைய ஏஜெண்டுக்கு வருமானம் போயிற்று. குடும்பத்தாருக்கோ, டாக்டரிடம் போன பிறகுதான் தங்கள் இன்சூரன்சு மாறிவிட்டது தெரிந்தது!

புகார்கள் குவிந்தன. 2024 ஜூன் முதல் அக்டோபர் வரை 850 ஏஜெண்டுகளை அரசாங்கம் சந்தையில் இருந்து நிறுத்திவைத்தது. ஜூலையில் ஒரு கட்டுப்பாடும் வந்தது. பாலிசியில் பெயர் இல்லாத ஏஜெண்டு மாற்றம் செய்ய வேண்டுமானால், வாடிக்கையாளரும் அவரும் சந்தை அலுவலகமும் ஒரே நேரத்தில் டெலிபோனில் பேச வேண்டும்.

மோசடிக்காரனைப் பிடிப்பது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. புது ஆளைப் பிடித்தால் பெரும் பணம், பழைய ஆளைக் கவனித்தால் சிறு பணம், அதுவும் நிச்சயம் இல்லை என்று இருக்கும்வரை, ஏஜெண்டின் கண் புது ஆள் மீதுதான் இருக்கும்.

முன்பணம் எவ்வளவு, எப்போது திருப்ப வேண்டும், விலகினாலும் இறந்தாலும் புதுப்பிப்புப் பணம் யாருக்கு என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எல்லோருக்கும் புரியும்படி இருக்க வேண்டும். ஏஜெண்டு கையெழுத்துக்கு முன் அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இன்சூரன்சு எடுக்கும் குடும்பத்தாரும் ஆண்டுக்கு ஒரு முறை பாலிசியை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. நோய் வந்த அன்று, கூப்பிட்டால் வரக்கூடிய ஆள் அவர்தானா என்பது அப்போது தெரிந்துவிடும்.