தம்பி பெயர் லேசரில், அக்கா பெயர் எங்கே?

தண்ணீரின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரவிய படலத்தைப் பார்க்க முடியுமா? முடியும். 1991-ல் வந்த ப்ரூஸ்டர் கோண நுண்ணோக்கி அதைத்தான் செய்கிறது. சரியான தளத்தில் தளவிளைவு செய்த லேசர் ஒளியைச் செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்த்து விட்டால், சுத்தமான நீர் அநேகமாக எதையும் பிரதிபலிக்காது. கேமராவில் வெறும் இருட்டு. இரண்டு நானோமீட்டர் படலம் வந்து உட்கார்ந்தால் போதும், அந்த இடம் மட்டும் பளிச்சிடும்!

இன்னொரு வழியும் உண்டு. அகச்சிவப்பு, கண்ணுறு ஒளித் துடிப்புகள் இரண்டையும் நீர்ப்பரப்பில் ஒரே இடத்தில் மோதவிட்டு, அங்கே பிறக்கும் புது ஒளியைப் படிப்பது. அத்தகைய துடிப்பு லேசர்கள் பலவற்றுக்குள் அதிவேகக் கதவாக இருப்பது 'பொக்கெல்ஸ் செல்'. ஃப்ரெடெரிக் பொக்கெல்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளரின் பெயர் அது.

சரி, லேசருக்குக் கீழே படலத்தைத் தாங்கி நிற்கும் தொட்டி யாருடையது? 'லாங்மியூர் தொட்டி' என்கின்றன பாடநூல்கள். இங்கேதான் அநியாயம்!

விளிம்பு வரை நீர் நிரப்பிய 70 செ.மீ. தகரத் தொட்டி, குறுக்கே ஒரு தகரப் பட்டை, பட்டையை நகர்த்திப் படலத்தை நெருக்கி, பரப்பு இழுவிசையை அளப்பது. இதை 1880-களிலேயே வீட்டில் செய்தவர் ஃப்ரெடெரிக்கின் அக்கா ஆக்னஸ் பொக்கெல்ஸ். பெண் என்பதால் அவருக்குப் பல்கலைக்கழகம் கிடையாது. தம்பி கொண்டுவந்த புத்தகங்கள்தான் கல்லூரி. அவர் எழுதிய கடிதத்தை ராலே பிரபு 1891-ல் 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். லாங்மியூரின் புகழ்பெற்ற கட்டுரை வந்ததோ 1917-ல்! 1932-ல் அவருக்கு நோபல் பரிசு. அதே ஆண்டு ஆக்னஸுக்குக் கிடைத்தது ஒரு கௌரவ டாக்டர் பட்டம்.

லாங்மியூர் ஒன்றும் செய்யவில்லையா? செய்தார். பரப்பு அழுத்தத்தை நேரடியாக அளக்கும் தராசைச் சேர்த்தார். தராசுக்கு அவர் பெயர் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

"பாத்திரம் கழுவும்போது தற்செயலாகக் கண்டுபிடித்தார்" என்று பாராட்டுபவர்கள் இன்னும் மோசம். தற்செயலாகப் பார்ப்பது ஒரு நொடி. கருவி செய்து, பட்டையை நகர்த்தி, ஆண்டுக்கணக்காக அளந்தது ஆராய்ச்சி. ஆணாக இருந்திருந்தால் அதை யாரும் 'சமையலறைக் கதை' ஆக்கியிருக்க மாட்டார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், தம்பியின் பெயரையும் லேசரிலிருந்து எடுத்துவிடச் சம்மதிப்பார்களா? மாட்டார்கள் என்றால், இனி எழுதும் பாடநூல்களிலாவது 'பொக்கெல்ஸ் தொட்டி' என்றே எழுதட்டும்.