காவல் செய்வோர்க்கும் காவல் வேண்டும்

வில்லேந்திய வீரனாகிய இராமன், கடலைக் கடக்க வழிவேண்டிப் புல்லணையில் பொறுத்துக் கிடந்த இடம் திருப்புல்லாணி என்பது தலபுராணம். ஆற்றல் உடையவன் முதலில் தன்னை அடக்கல் வேண்டும் என்னும் பாடத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் இது. இவ்வூரை அடுத்த சேதுக்கரை தொடங்கி மண்டபம் வரை நீளும் கடற்கரையில், கடல் அட்டையும் கஞ்சாவும் தங்கமும் பிடிபட்ட செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். ஊர் இளைஞரே ஒன்றுகூடி இக்கொடுமையைத் தடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. எண்ணம் நன்று. ஆயினும், கட்டுப்பாடற்ற காவற்குழு தான் எதிர்க்க வந்த தீமையின் மற்றொரு வடிவமாகிவிடும் என்பதை மறத்தலாகாது.

சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1993-ஆம் ஆண்டு, இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப், ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பை இம்மாவட்டத்திலேதான் தொடங்கினார். மக்களுக்கும் காவலர்க்கும் இடையே நின்ற அச்சத்தை அகற்றுவது அதன் நோக்கம். பின்னர் அது தமிழகமெங்கும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, அவ்வமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. தம் உறுப்பினர்க்கு அதில் தொடர்பில்லை என்று பொறுப்பாளர்கள் மறுத்தனர். எனினும் அடுத்த மாதமே அரசு அமைப்பைத் தடை செய்தது. யார் உறுப்பினர், யாருடைய கட்டளைக்கு உட்பட்டவர் என்பது ஊரறியத் தெளிவாக இல்லாவிடின், 27 ஆண்டுப் பணியும் ஒரு திங்களில் கரைந்துபோம் அன்றோ?

மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் 2013-இல் போதைப்பொருள் கும்பலை எதிர்த்து உழவர்களே ஆயுதம் ஏந்தினர். நாளடைவில் கும்பலைச் சார்ந்திருந்தோரும் அக்குழுக்களுள் புகுந்தனர். 2014 டிசம்பரில் லா ருவானா என்னும் ஊரில் இரு தலைவர்களின் ஆட்கள் தமக்குள்ளேயே சுட்டுக்கொண்டு 11 பேர் மாண்டனர். பகைவனை வெல்லுமுன் தம்முள் பகைத்தோர் கதை இது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வருகையில், தவறு நடப்பதாக ஐயுற்று ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே சென்றதாக ஒரு வரலாறு வழங்குகிறது. வீட்டுக்காரர், “நான் செய்தது ஒரு தவறு, துருவி ஆராய்ந்தது, வாயில் வழி வாராதது, ஸலாம் கூறாதது எனத் தாங்கள் செய்தவை மூன்று” என்றாராம். பேரரசின் தலைவர் அதனை ஏற்றுத் திரும்பினார். தலைமை என்பது இதுவே.

நம் நாட்டுச் சட்டமும் எல்லை வகுத்துள்ளது. கண்முன் கடுங்குற்றம் புரிபவனைக் குடிமகனும் பிடிக்கலாம். ஆனால் 6 மணி நேரத்திற்குள் காவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்கிறது, 2024 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம். அடிக்கவோ விசாரிக்கவோ அஃது உரிமை தரவில்லை.

ஆதலின் குழு அமைக்க விழையும் இளைஞர்க்கு நாம் கூறுவது இது: உறுப்பினர் பெயர்களை ஊரறிய எழுதி வையுங்கள், வரவு செலவை ஜமாஅத்திலும் கிராம சபையிலும் படியுங்கள், கை ஓங்கியவர் தலைவரேயாயினும் அன்றே நீக்குங்கள். எல்லாவற்றினும் கடினமான சோதனை ஒன்று உண்டு. பிடிபடுபவன் மச்சானாகவோ மாமன் மகனாகவோ இருக்கும் நாளில் உங்கள் நாவு என்ன சொல்லும்? அந்நாளில் தடுமாறாத குழுவையே ஊர் நம்பும்.