யாரும் கேளாத ஆட்டங்கள்



சென்ற ஐப்பசி மாதத்தில், மழை சற்று விட்டிருந்த ஒரு மாலை வேளையில், பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். கணவர் பட்டு நெசவாளர். வீட்டில் ஒரு தறி இன்னும் ஓடுகிறது. மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான். மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது.

"சாமி, அவனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்லவேண்டும். 26 வயதாகிறது, இன்னும் வீடியோ விளையாட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். ஊரெல்லாம் ஆடுகிற ஆட்டமென்றாலும் போகட்டும் என்று விடலாம். இவன் வாங்குவதெல்லாம் யாருமே கேள்விப்படாத ஆட்டம்! கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கிறது. அத்தனையையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடட்டுமா?"

நானே வந்து பேசுகிறேன் என்று தேற்றி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு மாலை, வீண் செலவைப் பற்றி ஒரு நல்ல அறிவுரையை மனத்தில் தயார் செய்துகொண்டு அவ்வீட்டுக்குச் சென்றேன். அந்த அறிவுரை என் வாயிலிருந்து வெளிவரவில்லை. ஏன் என்பதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அறையின் மூலையில் மர அலமாரி. அதில் 72 ஆட்ட வட்டுகள், உறைகளோடு புத்தகங்களைப்போல நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. தூசி இல்லை. ஒவ்வொன்றையும் எங்கே வாங்கினான், என்ன விலை கொடுத்தான் என்று ஒரு நோட்டில் குறித்திருந்தான். பெரும்பாலானவை சென்னை ரிச்சி தெருவில் பழைய விலைக்கு வாங்கியவை.

"தம்பி, பெயர்பெற்ற ஆட்டங்கள் எத்தனையோ இருக்க, இவற்றை ஏன் தேடித் தேடி வாங்குகிறாய்?" என்று கேட்டேன்.

"ஃபாதர், பெயர்பெற்ற ஆட்டத்தை லட்சம் பேர் வைத்திருக்கிறார்கள். அது எங்கும் போய்விடாது. இதை நான் விட்டுவிட்டால் வேறு யார் வைத்திருப்பார்கள்?" என்றான்.

இரண்டு வட்டுகளை எடுத்துக் கொடுத்தான். ஒன்று 'அனுமன்: பாய் வாரியர்'. ஐதராபாத்தைச் சேர்ந்த அரோனா டெக்னாலஜிஸ் நிறுவனம் உருவாக்கி, 2009-இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளிவந்தது. மற்றொன்று 'தேசி அட்டா'. அதே ஐதராபாத்தின் கேம்சாஸ்திரா நிறுவனத்தார் கபடி, கிட்டிப்புள் போன்ற நம் நாட்டுத் தெருவிளையாட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்த முயற்சி. இதுவும் 2009-இல் வந்ததே. இவ்விரண்டையும் பெரிய ஆட்டங்கள் என்று உலகம் புகழவில்லை. "உண்மையில் அவ்வளவு நன்றாகவும் இருக்காது, ஃபாதர்" என்று அவனே சிரித்தான். ஆயினும், இந்நாட்டு இளைஞர்கள் முதன்முதலாக இத்தகைய கருவிக்கு ஆட்டம் செய்யக் கற்றுக்கொண்ட காலத்தின் கையெழுத்து அவற்றில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2 கருவியின் உற்பத்தி 2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. பதினைந்து கோடிக்கு மேல் விற்பனையான கருவிதான். இன்றோ பழுதின்றி ஓடும் ஒன்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கருவி மறைய மறைய, அதில் மட்டுமே ஓடும் சிறிய ஆட்டங்களும் ஓசையின்றி மறைகின்றன.

தாயார் இடைமறித்தார்: "யாரும் கேட்காததை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சாமி?"

அதுவரை தறிக்குழியில் பேசாமல் அமர்ந்திருந்த தகப்பனார் எழுந்தார். ஏணியைச் சாய்த்துப் பரண்மேல் ஏறி, சாக்குத்துணியில் சுற்றிய ஒரு கட்டை இறக்கினார். பிரித்தால், நூலால் ஒன்றோடொன்று கோத்த ஜக்கார்டு அட்டைகள். அட்டை நிறையத் துளைகள். "இது என் அப்பா காலத்துக் கரை, சாமி. மயில்கண்ணும் ருத்ராட்சமும் சேர்ந்து வரும். முப்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை. இவள் எத்தனையோ தடவை தூக்கிப் போடச் சொன்னாள். நான் போடவில்லை. இந்த அட்டை போனால் அந்தக் கரையும் போய்விடும்."

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பட்டு நகரத்தில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து நெசவாளர் ழோசப் மரீ ஜக்கார்டு, 1804-இல் தம் பொறியை உருவாக்கினார். அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த பாவு நூல் மேலெழும்பும். துளை இல்லாத இடத்தில் நூல் எழும்பாது. எழும்பும் நூலும் எழும்பாத நூலும் சேர்ந்தே அன்னமாகவும் யாளியாகவும் கரையில் மலர்கின்றன. 'உண்டு, இல்லை' என்ற இவ்விரண்டு சொற்களால் ஒரு கட்டளையை எழுதிவைக்கும் இம்முறையைக் கண்டுதான், ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளை அட்டைகளை வகுத்தார். இன்றைய கணிப்பொறிக்கு அது முன்னோடி. மகனின் வட்டிலும் இதே கதைதான். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய குழிகள் சுருள்பாதையில் பதிந்திருக்கின்றன. லேசர் ஒளி அவற்றைப் படித்து, உண்டு இல்லை எனப் பிரித்தறிந்து, திரையில் உருவங்களை நெய்கிறது. தகப்பனின் பரணும் மகனின் அலமாரியும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

இங்கே என் குறை ஒன்றையும் நான் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பொறுப்பேற்றபோது, பங்கு இல்லத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று, ஓர் அறையில் கிடந்த பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு முதியவர் வந்தார். தம் இளமைக் காலத்தில் அவ்வூரார் ஆண்டுதோறும் நடித்த பாஸ்கா நாடகத்தின் வசனமும் பாட்டும் அந்நோட்டுகளில்தான் இருந்தன என்றார். பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று கேட்டு வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, சாமி" என்று திரும்பிப் போனார். எனக்குக் கிடைத்தது நாற்பதோ ஐம்பதோ ரூபாய். அந்தப் 'பரவாயில்லை' இன்றும் என் காதில் இருக்கிறது.

எது மிஞ்சும், எது மறையும் என்பதை அந்தந்தக் காலத்தின் மதிப்பு தீர்மானிப்பதில்லை. யாரேனும் ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தாரா என்பதே தீர்மானிக்கிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே கொண்ட சிறு நூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று இன்று அதைப் போற்றுகிறோம். அந்த ஒரு பதிப்பில் நமக்குத் தெரிய எஞ்சியிருப்பது ஒரே பிரதி. அதுவும் கடல் கடந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அச்சு நூலுக்கு இக்கதியென்றால், மின்னணு ஆட்டங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அமெரிக்காவிலுள்ள 'வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்' என்ற அமைப்பு 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் புதிதாக விற்பனைக்கு இல்லை என்று அது கண்டறிந்தது. கருவி கைவிடப்படுகிறது, நிறுவனம் மூடப்படுகிறது, உரிமை யாரிடம் இருக்கிறதென்றே தெரியாமல் போகிறது. நிந்தெண்டோ நிறுவனம் தன் இரண்டு பழைய கருவிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச்சு மாதம் மூடியது. அங்கே மட்டும் விற்பனையான சிறிய ஆட்டங்களைப் புதிதாக ஒருவர் வாங்க அன்றோடு வழியில்லாமற் போயிற்று.

இதில் நம் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. இணையத்தில் நாம் 'வாங்கினோம்' என்று சொல்லும் ஆட்டம் பெரும்பாலும் நம் உடைமை ஆவதில்லை. ஆடிக்கொள்ள நமக்கு அனுமதி மட்டுமே கிடைக்கிறது. 2014-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி குரூ' என்ற கார்ப் பந்தய ஆட்டத்தை வெளியிட்டது. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் கணிப்பொறியோடு தொடர்பு இருந்தாக வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச்சு 31 அன்று அத்தொடர்பை நிறுவனம் நிறுத்தியது. காசு கொடுத்து வட்டாகவே வாங்கியவர்களிடமும் அதன்பின் மிஞ்சியது வெறும் தகடு. இதன் பிறகு மக்கள் குரல் எழுப்பினர். வாங்குவது வெறும் அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்று விளம்பரம் செய்யலாகாது என்ற சட்டம் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

இதைக் கேட்ட அத்தாயார், "அப்படியானால் அந்த இட்லி ஆட்டமும் அப்படித்தானா?" என்று மகனைக் கேட்டார். எனக்கு வியப்பாயிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அம்மா ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறார்!

அதன் பெயர் 'வெண்பா'. கனடா நாட்டு டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர் 2023 சூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. சண்டையில்லை, துப்பாக்கியில்லை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கறைபட்டுக் கிழிந்திருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லியும் புட்டும் மற்றவையும் சமைக்கவேண்டும். சமைக்கச் சமைக்க, தாய்மொழியை விட்டு விலகும் பிள்ளையும் காத்திருக்கும் தாயும் நம் கண்முன் வளர்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டம் என்ற சிறப்பை இது பெற்றது. உலகம் பாராட்டியும், நம் பங்கு இளைஞர்களிடம் நான் விசாரித்தபோது அப்பெயரை அறிந்தவர் இருவரே.

"ஆமாம் அம்மா. அது என்னிடம் வட்டாக இல்லை. இணையக் கடை மூடினால் போயிற்று" என்றான் மகன். தாயின் முகம் சற்று வாடியது. பழைய பேப்பர்காரனுக்கு எடை போடவந்த கை, இப்போது ஒன்று கைவிட்டுப் போகுமே என்று கலங்கியது.

இனி, இத்தகைய பொருள்களை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில சொற்கள்.

பிள்ளைகளே! வைத்திருப்பது என்றால் அடுக்கி வைப்பது மட்டுமன்று. வட்டின் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிநோக்கி நேராகத் துடையுங்கள்; வட்டமாகத் தேய்த்தால் கீறல் சுருள்பாதையோடு சேர்ந்து ஓடி, படிக்க இயலாமற் செய்யும். உறையில் நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் ஈரமும் உள்ளிருக்கும் உலோகப் பூச்சைக் கெடுக்கும். அவ்வப்போது ஓட்டிப் பாருங்கள். கருவியையும் அதன் இணைப்புக் கம்பிகளையும் உடன் காப்பாற்றுங்கள். தறியில்லாத அட்டையால் என்ன பயன்? இணையத்தில் வாங்குவதானால், பூட்டின்றி விற்று, கோப்பை நாமே சேமித்துக்கொள்ள விடும் கடைகளை முதலில் பாருங்கள். போலந்து நாட்டின் ஜி.ஓ.ஜி. 2008 முதல் அவ்வாறு விற்றுவருகிறது. திருட்டுப் பிரதியை வாங்காதீர்கள். சிறிய குழுவின் உழைப்பைத் திருடிவிட்டு, அதைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்வது நியாயமாகாது.

காக்கும் ஆசைக்கும் அளவு வேண்டும். ஒரு நாள் விலை ஏறும் என்று எண்ணி யாரும் கேளாததை வாங்கிக் குவிப்பது சூதாட்டத்தின் தம்பி. பிரிக்கப்படாத உறையோடு பத்தாவது வட்டை அடுக்குகிறவன் ஆட்டத்தைக் காக்கவில்லை; தன் ஆசைக்குத் தீனி போடுகிறான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய காசில் அலமாரி நிறையலாகாது.

பெற்றோரே! பிள்ளை அக்கறையோடு சேர்த்து வைத்திருப்பதைத் தூக்கி எறியுமுன் ஒரு முறை அருகில் அமர்ந்து, "இது என்ன?" என்று கேளுங்கள். கேட்டபின் கண்டிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேளாமல் எறிந்தால், பிறகு வருந்தியும் பயனில்லை. என்னைக் கேட்டால் சொல்வேன்.

அவ்வீட்டில் அன்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தை மாதம்வரை மகன் ஒன்றும் வாங்குவதில்லை; அதன்பின் மாதம் ஒன்றுக்கு மேல் இல்லை. இரட்டையாக இருந்தவற்றையும், எங்கும் கிடைக்கும் பெயர்பெற்ற ஆட்டங்களையும் விற்றுவிட்டான். நல்ல விலை கிடைப்பவை அவைதாம்! அப்பணம் தங்கையின் திருமணத்துக்குப் போயிற்று. யாரும் கேளாதவை அலமாரியிலேயே நிற்கின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறையில் தெருப் பிள்ளைகளை அழைத்து 'தேசி அட்டா'வை ஓட்டிக் காட்டினானாம். திரையில் கிட்டிப்புள்ளைப் பார்த்த சிறுவர்கள், அதை வெளியில் போய் ஆடலாமா என்று கேட்டார்களாம். தகப்பனார் தறிக்குழியிலிருந்து எழுந்து, ஒரு கழியை வெட்டிக் கிட்டியும் புள்ளும் சீவிக் கொடுத்தாராம்.

திருமணத்தன்று அத்தாயார் என்னிடம் வந்து ஒரு செய்தி சொன்னார். பரணில் கிடந்த அட்டைக் கட்டு இறக்கப்பட்டு, மகளின் முகூர்த்தப் புடவைக்கு அந்தப் பழைய கரையே நெய்யப்பட்டதாம். மணப்பெண்ணின் தோளில் மயில்கண் மின்னியது. எவரும் முப்பது ஆண்டுகளாய்க் கேளாத கரை அது. அன்று மட்டும் மூன்று பெண்கள், எங்கே நெய்தது என்று கேட்டார்களாம்.